ஏழாவது கேஸ்

“தெனம் பெரிய டாக்டருங்க நடுவுலதானே நிக்கிறீங்க. எனக்காக ஒரு வார்த்தை கேக்கக் கூடாதா?”

“கேக்கறேன் மேரி. நேரம் வரட்டும்.”

“என்னா நேரம்? பாதரைக் கூப்ட்டு மந்திரிச்சிட்டுக் கேக்கப் போறீங்களா?”

“அப்படி இல்ல. அங்க நான் நோயாளி. நோயாளி எப்ப வாயைத் தொறக்கணும்னு ஒரு மொறை இருக்கு. நடுவுல தொறந்தா வேலை போயிடும்.”

“செரி, நீங்க நோயாளி. அப்ப நான் யாரு?”

சூசைமேரி இதைச் சிரித்துக்கொண்டேதான் கேட்டாள். அமலநாதனும் சிரித்தான். அந்தச் சிரிப்பைப் பின்னால் எத்தனையோ தடவை நினைத்துப் பார்த்து வருந்தினான்.

அவர்கள் வீட்டில் காலைச் சாப்பாடு என்றால் நீள ரொட்டியும் காப்பியும்தான். அமலநாதனின் அப்பா பிரெஞ்சுக்காரன் காலத்தில் துறைமுகத்தில் வேலை பார்த்ததில் குடும்பத்துக்கு மிஞ்சிய ஒரே சொத்து அந்தப் பழக்கம். மொறுமொறுவென்று இருக்கும் மேலோடு யாருக்கு என்பதில் கல்யாணமான நாளிலிருந்து புருஷன் பெண்சாதிக்குள் சண்டை. தவக்காலம் முடிந்த சமயத்தில் ஒருநாள் மேரி மேலோட்டை உரித்து அவன் தட்டில் வைத்துவிட்டு, உள்ளே இருந்த பஞ்சை மட்டும் காப்பியில் நனைத்துத் தின்றாள். மறுநாளும் அப்படியே. இத்தனை வருஷம் கழித்துத் தன்மேல் அவளுக்கு இப்படி ஒரு ஆசை வந்ததே என்று அமலநாதன் பூரித்துப்போனான். அது ஆசை இல்லை, மேலோடு அவளுக்கு இறங்கவில்லை என்று அவனுக்குத் தெரிந்தபோது சோறும் இறங்குவதை நிறுத்தியிருந்தது.

‘அப்ப நான் யாரு’ என்ற கேள்விக்குக் கல்லூரி பிற்பாடு ஒரு பதில் வைத்திருந்தது. அவளுக்கு ஒரு எண் கொடுத்தது.

அமலநாதன் நோயாளியானது இப்படி. மில்லை இழுத்து மூடிய பிறகு அவன் வீட்டில்தான் இருந்தான். வருஷம் ஒருமுறை தவக்காலத்தில் கோவில் மேடையில் முடவன் வேஷம் போடுவான். படுக்கையோடு நாலு பேர் தூக்கிவந்து நடுமேடையில் வைப்பார்கள். எழுந்திரு என்ற சொல் வரும்வரை அசையாமல் கிடக்க வேண்டும், வந்ததும் எழுந்து நடக்க வேண்டும். அவ்வளவுதான் வேஷம். ஆனால் அவன் எழுந்திருக்கிற விதத்தைப் பார்த்து முன்வரிசையில் பொம்பளைகள் முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு அழுவார்கள். அதை ஒரு வருஷம் கமலக்கண்ணன் என்பவர் வந்து பார்த்துவிட்டுப் போனார். மறுவாரம், பயிற்சி டாக்டர்கள் பார்த்துப் பழக நோயாளியாக நடிக்கிற வேலைக்குக் கூப்பிட்டு அனுப்பினார்.

அந்த வருஷங்களில் புதுச்சேரியைச் சுற்றி மருத்துவக் கல்லூரிகள் காளான் மாதிரி முளைத்துக்கொண்டிருந்தன. ஒவ்வொன்றும் மற்றதிலில்லாத ஒன்று தன்னிடம் இருப்பதாகப் பலகை வைக்க வேண்டியிருந்தது. கமலக்கண்ணன் வேலை பார்த்த கல்லூரியில் இருந்தது சுகாதார அமைப்பியல் துறை. அதன் தலைவர் டாக்டர் வெற்றிச்செல்வன். நோயாளியைத் தொட்டுப் பல வருஷமானவர். அதைப் பெருமையாகவே சொல்வார். முதல் நாள் பயிற்சி டாக்டர்களையும் நடிக்க வந்த நோயாளிகளையும் ஒன்றாக உட்கார வைத்து அவர் பேசினார்.

“பழைய டாக்டர் வயிற்றைத் தொட்டுப் பார்த்தார். நாம் வயிற்றுக்குப் பின்னால் இருக்கிற குடும்பத்தைப் பார்க்கிறோம். குடும்பத்துக்குப் பின்னால் தெரு, தெருவுக்குப் பின்னால் பஞ்சாயத்து, பஞ்சாயத்துக்குப் பின்னால் பொருளாதாரம். இவ்வளவையும் பார்த்து முடிக்கிற டாக்டருக்கு வயிற்றைப் பார்க்க நேரமிருக்காது என்று சிலர் குறை சொல்கிறார்கள். அது உண்மைதான். அதைத்தான் வளர்ச்சி என்கிறோம்.”

எல்லோரும் கைதட்டினார்கள். கமலக்கண்ணன் தனியே கூப்பிட்டு விதிகளைச் சொன்னார். சம்பளம் உண்டு. குடும்பத்தாருக்கு இங்கே வைத்தியம் இலவசம். ஆனால் வளாகத்துக்குள் பாத்திரத்தைக் கலைக்கக் கூடாது. எந்த டாக்டரிடமும் சொந்த உடம்பைப் பற்றியோ சொந்த வீட்டைப் பற்றியோ பேசக் கூடாது. பேசினால் எது நடிப்பு, எது நிஜம் என்று டாக்டர்கள் குழம்பிப்போவார்கள். பேசிய அன்றோடு வேலை போய்விடும். வேலையோடு இலவச வைத்தியமும் போய்விடும்.

ஆக, மேரிக்கு வைத்தியம் பார்க்கும் உரிமையைக் கொடுத்த வேலைதான் மேரியைப் பற்றிப் பேசக் கூடாது என்றும் சொன்னது. மேரியோ, தெரிந்தவர்கள் ஒரு வார்த்தை சொல்லிவைத்தால்தான் ஆஸ்பத்திரியில் ஒழுங்காகப் பார்ப்பார்கள் என்று நம்புகிறவள். வைத்திக்குப்பத்தில் மீன் வாங்கினால்கூட, பெயர் சொல்லி விசாரிக்கிற படகிலிருந்துதான் வாங்குவாள்.

அமலநாதன் முதல்முறை கேட்க முயன்றது நூல் பயிற்சி அன்று. பெரிய கூடத்தின் நடுவில் அவனை நாற்காலியில் உட்கார வைத்தார்கள். பயிற்சி டாக்டர்கள் சுற்றி நின்றார்கள். ஒருவர் ரேஷன் கடை, ஒருவர் டவுன் பஸ், ஒருவர் நாட்டு வைத்தியர், ஒருவர் கடன்காரன். ஒவ்வொருவரும் தங்களுக்கும் நோயாளிக்கும் உள்ள உறவைச் சொல்லிவிட்டுப் பச்சை நூலை அவனைச் சுற்றி ஒரு சுற்றுச் சுற்ற வேண்டும். மத்தியானத்துக்குள் அமலநாதன் கழுத்து வரை பச்சையாகிவிட்டான்.

“பாருங்கள்” என்றார் வெற்றிச்செல்வன். “இவர்தான் நோயாளி. இவருக்கு என்ன நோய் என்று யாராவது கேட்டீர்களா? கேட்கவில்லை. பாராட்டுகள்.”

சாப்பாட்டு மணி அடித்தது. எல்லோரும் போய்விட்டார்கள். நூலை வெட்டக் கத்தரிக்கோல் வேண்டும், கத்தரிக்கோல் அறுவை சிகிச்சைத் துறையின் பொருள், கடிதம் கொடுத்து வாங்க வேண்டும் என்று சொல்லிவிட்டுக் கமலக்கண்ணனும் போனார். சரிதா என்ற பயிற்சி டாக்டர் மட்டும் திரும்பி வந்தது. பாகூர்ப் பக்கம் விவசாயக் குடும்பத்துப் பெண். குனிந்து ஒவ்வொரு சுற்றாக அவிழ்த்தது.

“கை மரத்துப் போச்சாய்யா?”

“பரவால்லம்மா. டாக்டரம்மா, ஒண்ணு கேக்கணும்.”

“கேளுங்க.”

அவன் வாயைத் திறந்தான். கூடத்து வாசலில் கமலக்கண்ணனின் தலை தெரிந்தது. சாப்பிட்ட கையை உயர்த்தி, “பாத்திரம், அமலநாதன், பாத்திரம்” என்று ஞாபகப்படுத்திவிட்டுத் தலை மறைந்தது.

“ஒண்ணுமில்லம்மா” என்றான் அமலநாதன். “அந்த நூலை வூட்டுக்கு எடுத்துனு போவலாமான்னு கேக்க வந்தேன்.”

அன்று அவன் ஒரு பந்து பச்சை நூலோடு வீட்டுக்குப் போனான். மேரி அதை வாங்கிப் பார்த்தாள். “கேட்டீங்களான்னா நூலைக் குடுக்கிறீங்க” என்று சொல்லிவிட்டு மாடத்தில் வைத்தாள். அப்போது ரசத்தில் கரைத்த சோறு மட்டும் இறங்கிக்கொண்டிருந்தது.

பிறகு ஒருநாள் எல்லோரையும் பஸ்ஸில் ஏற்றிப் பிள்ளைச்சாவடிக்குக் கூட்டிப்போனார்கள். சமூகத்தை நேரில் படிப்பதற்கு. மண்ணாங்கட்டி என்ற மீனவர் துருப்பிடித்த ஆணியை மிதித்துக் கால் வீங்கி வாசலில் உட்கார்ந்திருந்தார். டாக்டர்களைப் பார்த்ததும் காலை நீட்டினார். அவர்கள் தெருவில் சுண்ணாம்புக் கட்டியால் அவருடைய உறவுகளை வரைந்தார்கள். மச்சான், படகுச் சொந்தக்காரர், கூட்டுறவுச் சங்கம், கட்சிக் கிளை, கோவில் தர்மகர்த்தா. படம் தெருமுனை வரைக்கும் போயிற்று. கடைசியில் அதற்குப் பக்கத்தில் நின்று போட்டோ எடுத்துக்கொண்டார்கள். மண்ணாங்கட்டி அதுவரைக்கும் காலை நீட்டியபடியே இருந்தார். கால் படத்தில் இல்லை. அடுத்த முறை போனபோது மண்ணாங்கட்டியும் இல்லை. அவருடைய சமூக ஆதரவு மிக வலுவாக இருந்ததாகத் துறையின் அறிக்கை சொன்னது. சவ ஊர்வலத்துக்கு வந்திருந்த கூட்டம் அதை உறுதிப்படுத்தியது.

ஆடி மாதத்தில் வெற்றிச்செல்வன் அமலநாதனைத் தன் அறைக்குக் கூப்பிட்டு அனுப்பினார்.

“நம்மிடம் ஆறு கேஸ்கள் இருக்கின்றன. எல்லாம் புத்தகத்தில் எடுத்தவை. ஏழாவது கேஸ் சமூகத்திலிருந்து வர வேண்டும். நீங்கள்தான் சமூகம். சொல்லுங்கள்.”

அமலநாதன் ஒரு அடி முன்னால் வந்தான். நேரம் வரட்டும் என்று சொன்னானே, வந்துவிட்டது. சொந்த வீட்டைப் பற்றித்தானே பேசக் கூடாது?

“எங்க தெருவுல ஒரு அம்மா சார். ஐம்பது வயசு இருக்கும். மொதல்ல ரொட்டி மேலோடு எறங்கல. அப்புறம் சோறு எறங்கல. இப்ப கஞ்சிதான். ஒடம்பு எளைச்சிக்கினே போவுது. அது என்னா சார் வியாதி?”

வெற்றிச்செல்வன் கண்ணை மூடிக்கொண்டார். “அற்புதம்” என்றார். “வியாதி இருக்கட்டும். புருஷன் குடிப்பானா?”

“இல்ல சார்.”

“குடிக்கட்டும். மாமியார்?”

“செத்துப் போயிட்டாங்க சார்.”

“உயிரோடு இருக்கட்டும்.”

சாயங்காலத்துக்குள் ஏழாவது கேஸ் அச்சாகி வந்துவிட்டது. விடையும் சேர்ந்தே வந்தது. வாழ்நாளெல்லாம் துக்கத்தை விழுங்கிப் பழகிய பெண்ணுக்குச் சோற்றை விழுங்க முடியவில்லை. அவள் தொண்டையில் சிக்கியிருப்பது சமூகம். உள்ளே குழாய் விட்டுப் பார்க்கலாம் என்று அவசரப்படுகிற பயிற்சி டாக்டருக்குப் பூஜ்யம். கையைப் பிடித்துக்கொண்டு, கண்ணைப் பார்த்து, ‘உங்கள் கஷ்டம் எனக்குப் புரிகிறது’ என்று சொல்கிறவருக்கு முழு மார்க். குடிகாரப் புருஷனாக அமலநாதன். மனைவியாக, நாடகம் படித்த லினெட்.

லினெட் கெட்டிக்காரப் பெண். “அங்கிள், அந்தம்மா எப்படி முழுங்குவாங்க? செஞ்சி காட்டுங்களேன்” என்று கேட்டது. அமலநாதன் காட்டினான். முதலில் தாடை நெஞ்சில் படும்படி தலை குனியும். பிறகு வலது கை மாருக்கு நடுவில் போய் அழுத்தும். கண் மூடிக்கொள்ளும். போய்விட்டதா என்று கொஞ்ச நேரம் காது கொடுத்துக் கேட்பது போல முகம் அசையாமல் இருக்கும். இரண்டு நாளில் லினெட்டுக்கு எல்லாம் வந்துவிட்டது. மேரியின் தலைச்சாய்ப்பு உட்பட. அமலநாதனுக்கு அதைப் பார்க்க முடியவில்லை. தண்ணீர் குடிக்கப் போவது போல வெளியே போய் நின்றான்.

அந்த மாதமே சின்னக்கண்ணு விவகாரம் நடந்தது. சின்னக்கண்ணு ஓய்வு பெற்ற பஸ் கண்டக்டர். குடல்வால் வலிக்காரராக நடிப்பவர். ஒருநாள் அவர் வராந்தாவில் ஒத்திகை பார்த்துக்கொண்டிருந்ததைப் பார்த்த அறுவை சிகிச்சை டாக்டர் ஒருவர், பதறிப்போய் அவரை ஆபரேஷன் மேஜையில் ஏற்றிவிட்டார். சின்னக்கண்ணு பாத்திரத்தைக் கலைக்கக் கூடாது என்ற விதியை மீறாதவர். மயக்க மருந்து கொடுக்கிறவரை முனகிக்கொண்டேதான் இருந்தார். உள்ளதில் ஒன்றைக் குறைத்துக்கொண்டு வீடு போனார்.

வெற்றிச்செல்வன் உடனே கூட்டம் போட்டார். “ஒரு நல்ல நடிகரை அறுவை சிகிச்சைத் துறை நிஜமென்று நம்பிவிட்டது. இது நமக்கு வெற்றி, அவர்களுக்குத் தோல்வி. ஆனால் இனி இப்படி நடக்கக் கூடாது.”

நடக்காமலிருக்க உத்தரவு வந்தது. வந்திருப்பவர் நடிக்கவில்லை என்று அமைப்பியல் துறை உறுதி செய்கிறவரை யார் உடம்பிலும் கத்தி, ஊசி, குழாய் எதுவும் நுழையக் கூடாது. நடிக்கவில்லை என்று எப்படி உறுதி செய்வது? உள்ளே நிஜமாகவே நோய் இருக்கிறது என்று ஒரு டாக்டர் பார்த்துச் சொல்ல வேண்டும். உள்ளே பார்க்காமல் அவர் எப்படிச் சொல்வார்? அது பரிசீலனையில் இருந்தது. ரத்தம் கொட்டுகிறவர்களுக்கு மட்டும் விலக்கு. அதுவும் சாயம் இல்லை என்று தெரிந்த பிறகு.

அதன்மேல் இன்னொன்றும் வந்தது. மறைமுக நோயாளித் திட்டம். நடிப்பவர்களைச் சொல்லாமல் கொள்ளாமல் ஓ.பி. வரிசையில் அனுப்புவார்கள். எதிரில் உட்கார்ந்திருப்பவர் நிஜமா, மார்க் போட வந்தவரா என்று டாக்டருக்குத் தெரியாது. டாக்டர்கள் பயந்துபோனார்கள். யார் வந்தாலும் எழுந்து நின்று கைகூப்பித் தங்கள் பெயரைச் சொன்னார்கள். தண்ணீர் கொடுத்தார்கள். ‘உங்கள் கஷ்டம் எனக்குப் புரிகிறது’ என்றார்கள். பெரிய மார்க்கெட்டில் பூ விற்கிறவர்கள்கூட, அந்த ஆஸ்பத்திரியில டாக்டரே எழுந்து கும்பிடுறாராம் என்று பேசிக்கொண்டார்கள். கும்பிடு வாங்கிக்கொண்டவர்கள் கொண்டுபோன நோயோடு திரும்பி வந்தார்கள். ஆனால் அவ்வளவு மரியாதையாக நடத்தியவர்களைக் குறை சொல்ல யாருக்கும் மனம் வரவில்லை.

ஒருநாள் அமலநாதன் வேலை முடிந்து வீட்டுக்கு வந்தபோது மேரி வெளுத்த சேலை கட்டி, தலையில் பூ வைத்து உட்கார்ந்திருந்தாள்.

“எங்க போயிட்டு வந்த?”

“உங்க ஆஸ்பத்திரிக்கித்தான். நீங்க கேக்கறதுக்குள்ள எனக்குக் கஞ்சியும் மறந்துடும்னு நானே போனேன்.”

அமலநாதன் சட்டையைக் கழற்றாமலே உட்கார்ந்தான். “என்னா சொன்னாங்க?”

“நல்ல பொண்ணு. பேரு சரிதாவாம். எழுந்து நின்னு கும்பிட்டுச்சி. தண்ணி குடுத்துச்சி. முழுங்க முடியலன்னு வந்தவளுக்குத் தண்ணியைக் குடுக்குதேன்னு நெனச்சிக்கினேன். அப்புறம் கையைப் புடிச்சிக்கிச்சி. என் கஷ்டம் அதுக்குப் புரியுதாம்.”

“அப்புறம்?”

“உங்க வீட்டுக்காரர் குடிப்பாரான்னு கேட்டுச்சி.”

அமலநாதன் தரையைப் பார்த்தான்.

“எம் புருசன் கல்யாணத்தன்னிக்கி ஒரு கிளாஸ் குடிச்சிட்டு என் கூறைப்பொடவையில வாந்தி எடுத்த மனுசன், அதோட செரி, தொடறதில்லன்னேன். எல்லாத்தையும் கேட்டுக்கினு, மாமியார் கொடுமையைப் பத்திப் பேச இஷ்டமான்னுச்சி. எங்க மாமியாரா? அவங்க இருந்தப்ப நான்ல அவங்களைக் கொடுமை பண்ணேன்?” மேரி சிரித்தாள். சிரிப்பு பாதியில் இருமலாகி, இருமல் நிற்க நேரமாயிற்று. முந்தானையால் வாயைத் துடைத்துக்கொண்டு சொன்னாள்: “கெளம்பறப்ப காதுகிட்ட வந்து, ‘ரொம்ப நல்லா பண்றீங்கம்மா, லினெட் அக்காவைவிட இயற்கையா இருக்கு’ன்னுச்சி. யாருங்க அந்த லினெட்?”

அமலநாதன் எல்லாவற்றையும் சொன்னான். சொல்லி முடித்ததும் மேரி கூந்தலில் இருந்த பூவை எடுத்து மடியில் வைத்துக்கொண்டாள்.

“அப்ப நான் ஏழாம் நம்பர்.”

“மேரி...”

“அந்தப் பொண்ணுக்கு நல்லா முழுங்க வருதா?”

“யாருக்கு?”

“லினெட்டுக்கு. மத்த நேரத்துல.”

“வருது” என்றான் அமலநாதன். “கேன்டீன்ல பரோட்டா தின்னுது.”

“நல்லா இருக்கட்டும்” என்றாள் மேரி. பிறகு அவன் முழங்காலில் கையை வைத்தாள். கை அவ்வளவு லேசாக இருந்தது அவனைத் திடுக்கிட வைத்தது. “நேரம் பாத்தது போதுங்க. போயிக் கேளுங்க. என் பேரைச் சொல்லிக் கேளுங்க.”

மறுநாள் காலையில் முதல் ஆளாக அவன் வெற்றிச்செல்வன் அறைக்குப் போனான். “சார், அந்த ஏழாவது கேஸ் நிஜம் சார்” என்றான்.

வெற்றிச்செல்வன் முகம் மலர்ந்தது. “எல்லோரும் அதைத்தான் சொல்கிறார்கள், அமலநாதன்.”

“இல்ல சார், அந்தம்மா வந்து...”

“வெள்ளிக்கிழமை இன்ஸ்பெக்‌ஷன் குழு வருகிறது. நம் துறை நிலைப்பதும் போவதும் அவர்கள் கையில். ஏழாவது கேஸைத்தான் மேடையில் காட்டப் போகிறோம். கடைசியில் நீங்கள் மண்டியிட்டு மனந்திருந்துகிற வசனத்தில் இன்னும் கொஞ்சம் கண்ணீர் வேண்டும். அதற்குத் தனி மார்க் ஒதுக்கியிருக்கிறோம்.” அதற்குள் போன் அடித்தது. அவர் அதை எடுத்துக்கொண்டு கதவைக் கையால் காட்டினார்.

அமலநாதன் வெளியே வந்தான். இன்னும் கேட்கவில்லை. கேட்டிருந்தால் கண்ணீர் நன்றாக வருகிறது என்று சொல்லியிருப்பார் என்பது மட்டும் தெரிந்தது.

இந்த வேலையும் வேண்டாம், இலவசமும் வேண்டாம் என்று மறுநாள் மேரியை ஆட்டோவில் உட்கார வைத்து ஊருக்குள் வேறொரு ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனான். அங்கே யாருக்கும் அவனைத் தெரியாது. வரிசையில் உட்கார்ந்தார்கள். முறை வந்து உள்ளே போனார்கள். நடுவயது டாக்டர். அவர்களைப் பார்த்ததும் பேனாவை வைத்துவிட்டு எழுந்து நின்றார். கைகூப்பினார். தன் பெயரைச் சொன்னார்.

மேரி அமலநாதனின் விரல்களை இறுக்கிப் பிடித்தாள். திட்டத்தில் இந்த ஆஸ்பத்திரியும் சேர்ந்துவிட்டது. இன்னும் ஊரில் எத்தனை சேர்ந்திருக்கின்றனவோ. அவர் நீட்டிய தண்ணீரைத் தொடாமல் இருவரும் வெளியே வந்தார்கள்.

வியாழக்கிழமை மேரிக்குப் பால் இறங்கவில்லை.

வெள்ளிக்கிழமை அமலநாதன் அவளைக் கையோடு கூட்டிக்கொண்டு வேலைக்கு வந்தான். ஓ.பி. வாசலில் சங்கிலி போட்டிருந்தது. வாட்ச்மேன் ராஜாங்கம் ஸ்டூலில் உட்கார்ந்திருந்தார். சங்கிலிக்கு வெளியே வேப்ப மரத்தடியில் ஏழெட்டுக் குடும்பங்கள் நோயாளிகளோடு காத்திருந்தன.

“இன்னிக்கி ஓ.பி. இல்லப்பா” என்றார் ராஜாங்கம். “டாக்டருங்க எல்லாம் ஆடிட்டோரியத்துல. வார்டுலயும் எடமில்ல.”

“வார்டு நெறைஞ்சிடுச்சா?”

“காலையில ரெண்டு பஸ்ல ஆளுங்களைக் கூட்டினு வந்து படுக்க வெச்சிட்டாங்க. நல்ல ஆரோக்கியமான ஆளுங்க. நிஜ நோயாளிங்க கண்டபடி எதையாவது சொல்லி வெச்சிட்டா இன்ஸ்பெக்‌ஷன் கெட்டுப் போவுமில்ல?” அவர் மேரியை ஏற இறங்கப் பார்த்தார். “அம்மா நடிக்கவா? அப்ப உள்ள போவலாம்.”

மேரி அமலநாதனைப் பார்த்தாள். “ஆமாய்யா” என்றாள். “நடிக்கத்தான் வந்திருக்கேன்.”

ராஜாங்கம் சங்கிலியைத் தாழ்த்தினார்.

ஆடிட்டோரியத்தின் கடைசி வரிசையில் அவளை உட்கார வைத்துவிட்டு அமலநாதன் மேடைக்குப் பின்னால் போனான். அங்கே திரை இடுக்கு வழியாகப் பார்த்தால் கூடம் முழுக்கத் தெரிந்தது. முன்வரிசையில் இன்ஸ்பெக்‌ஷன் குழு. நடுவில் தலைவி டாக்டர் அமிர்தவல்லி, கையில் பேனா. பின்னால் வெள்ளைக் கோட்டுகள், ஒவ்வொரு மடியிலும் மார்க் தாள். கடைசி வரிசையில் மேரியின் நீலச் சேலை.

வெற்றிச்செல்வன் மைக் முன்னால் நின்றார். “எங்கள் டாக்டர்கள் யாரையும் கைவிட மாட்டார்கள். கையைப் பிடித்துக்கொண்டே இருப்பார்கள். கடைசி மூச்சுவரை பிடித்துக்கொண்டிருப்பார்கள். இந்தத் துறை தொடங்கிய பிறகு இந்த வளாகத்தில் இறந்தவர்களின் குடும்பங்களில் ஒன்றுகூட எங்கள்மேல் புகார் கொடுத்ததில்லை. இதைவிட ஒரு கல்லூரிக்கு என்ன வேண்டும்?”

கைதட்டல் ஓய்ந்ததும் நாடகம் ஆரம்பித்தது. லினெட் தட்டில் ஒரு வாய் சோற்றை எடுத்தது. தலை குனிந்தது, கை மாரில் அழுத்தியது, கண் மூடியது, போய்விட்டதா என்று முகம் காத்திருந்தது. அமிர்தவல்லி பக்கத்தில் இருந்தவரிடம் குனிந்து, “என்ன நுணுக்கம்” என்றார். கடைசி வரிசையில் மேரி எச்சிலை விழுங்கினாள். அதே குனிவு, அதே கை, அதே காத்திருப்பு. அவளைத் திரும்பிப் பார்க்க அங்கே ஒருவரும் இல்லை.

பயிற்சி டாக்டர் பாத்திரத்தில் வந்தவர் லினெட்டின் கையைப் பிடித்து, அவள் கஷ்டம் தனக்குப் புரிவதாகச் சொன்னார். இனி அமலநாதன். குடிகாரப் புருஷன் மண்டியிட்டுத் திருந்த வேண்டும். அவன் மேடைக்கு வந்து மண்டியிட்டான். வாயைத் திறந்தான்.

வசனம் வரவில்லை.

“‘பாவி நான்’, ‘பாவி நான்’ன்னு ஆரம்பிங்க” என்று திரைக்குப் பின்னாலிருந்து கமலக்கண்ணன் கிசுகிசுத்தார்.

கீழே பேனாக்கள் தயாராக இருந்தன. மௌனத்துக்கும் மார்க் உண்டு. சிலர் அதற்குள் போடவும் ஆரம்பித்திருந்தார்கள். நிமிர்ந்து பார்த்த அமலநாதனுக்குக் கூடத்துக் கோடியில் நீலச் சேலை ஒரு பக்கமாகச் சாய்ந்திருப்பது தெரிந்தது. அவள் தூங்குகிறாளா, இல்லை என்ன என்பது அவ்வளவு தூரத்திலிருந்து தெரியவில்லை.

அவன் எழுந்தான். மேடைப் படிகளில் இறங்கினான். எழுதி வைத்ததில் இப்படி இல்லையே என்று வெற்றிச்செல்வன் கமலக்கண்ணனைப் பார்த்தார். அமிர்தவல்லி மட்டும் பாராட்டுகிற மாதிரி தலையை ஆட்டினார். முன்வரிசையைத் தாண்டி, வெள்ளைக் கோட்டுகளுக்கு நடுவில் நடந்து, சரிதா உட்கார்ந்திருந்த நாற்காலிக்கு எதிரில் போய் நின்றான். அந்தப் பெண் வழக்கம்போல எழுந்து கைகூப்பப் பார்த்தது. அவன் வேண்டாம் என்று கையைக் காட்டினான்.

கோவில் மேடையில் முன்வரிசைப் பொம்பளைகளை அழ வைத்த குரல் அப்போது அவனிடம் இல்லை. கண்ணீரும் இல்லை. வாழ்நாளில் அவன் இவ்வளவு மோசமாக நடித்ததில்லை. மளிகைக் கடையில் உப்பு கேட்கிற குரலில்தான் கேட்டான்.

“டாக்டரம்மா, கடைசி வரிசையில சாஞ்சிக்கினு இருக்கிறது என் பொண்டாட்டி. பேரு சூசைமேரி. அன்னிக்கி உங்ககிட்ட வந்தாளே, அவ நடிக்கலம்மா. நேத்துலேர்ந்து அவளுக்குப் பால்கூட எறங்கல. அந்தப் பேப்பரைக் கீழ வெச்சிட்டு எழுந்து வாங்க. வந்து அவ தொண்டையை ஒருவாட்டி பாருங்க.”